முத்தம் கொடுத்து ஆற்றில் விட வேண்டுமாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ‘நெல்லையில் தூண்டில் போட 5 இடங்கள்’ கட்டுரையைப் படித்தேன். குறுக்குத்துறை, மீனாட்சிபுரம், கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, மணிமூர்த்தீஸ்வரம். 50 வருடமாகத் தூண்டில் போடுகிறவன் சொல்கிறேன், ஐந்தும் சரிதான். படம்தான் நம் ஆறு இல்லை. தாமிரபரணியில் கூரை போட்ட படகுவீடு எந்தத் துறையிலிருந்து கிளம்புகிறது என்று கட்டுரையாளரிடம் கேட்டுச் சொன்னால் நானும் ஒரு தடவை ஏறிப் பார்த்துக்கொள்வேன்.

சரி, அதை விடுங்கள். கடைசிப் பத்தியில் ஒரு வரி: ‘பிடித்த மீனுக்கு முத்தம் கொடுத்து மறுபடி ஆற்றில் விடுவதே நாகரிகம், குழம்புக்காகப் பிடிப்பது இந்தக் கலைக்கு அழகல்ல.’ படித்துவிட்டு இதழை மூடி வைத்தவன், அன்றைக்குக் குறுக்கெழுத்துப் போட்டியைக்கூடப் போடவில்லை.

என் அப்பா ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் மூங்கில் கம்பும் கொட்டாங்கச்சியில் மண்புழுவுமாக என்னைக் கூட்டிக்கொண்டு சுலோச்சன முதலியார் பாலத்துக்குக் கீழே போய் உட்காருவார். தக்கை ஒரு தடவை நடுங்கினால் கெண்டை கொறிக்கிறது. பேசாமல் இருக்க வேண்டும். அப்படியே சாய்ந்து உள்ளே போனால்தான் சுண்ட வேண்டும். கிடைத்ததை அம்மா உப்பும் சாம்பலும் போட்டு உரசிக் கழுவிப் புளிக்குழம்பு வைப்பார். மறுநாள் காலையில் பழைய சோற்றுக்கு அந்தக் குழம்புதான். அப்பா எந்த மீனுக்கும் முத்தம் கொடுத்து நான் பார்த்ததில்லை. நாகரிகம் தெரியாத மனிதர் என்று இத்தனை வருடம் கழித்து உங்கள் இதழ் மூலமாகத் தெரிந்துகொண்டேன், நன்றி.

அப்புறம், எந்த மீனை விடச் சொல்கிறார்? இன்றைக்கு என் தூண்டிலில் பத்துக்கு எட்டு ஜிலேபி கெண்டைதான். 1952-ல் வெளியிலிருந்து இந்தியாவுக்குள் கொண்டுவந்த மீன் அது. முட்டையையும் குஞ்சையும் தாய் வாயிலேயே வைத்துக் காப்பாற்றுவதால் சாக்கடைத் தண்ணீரிலும் பெருகுகிறது. மீதி இரண்டில் ஒன்று ஆப்பிரிக்கக் கெளுத்தி. மத்திய அரசு 2000-லேயே வளர்க்கக் கூடாது என்று தடை போட்ட மீன், இருக்கிற சின்ன மீனையெல்லாம் விழுங்குவது. அதையும் மீசையை ஒதுக்கி முத்தம் கொடுத்து விட வேண்டுமா?

விட வேண்டிய மீன் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. நம் ஆற்றின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய கெண்டை. ஆணுக்கு முதுகுத் துடுப்பு இழை இழையாக நீண்டிருக்கும். தாமிரபரணியை விட்டால் அதற்கு வேறு ஆறு கிடையாது. மாட்டினால் நானே கொக்கியைக் கழற்றி விட்டுவிடுவேன். ஊருக்குள் நான் அதைப் பார்த்துப் பல வருடம் ஆகிறது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அயிரையைப் பற்றியும் இல்லை. அயிரைக்கு மணல் வேண்டும். அந்த மணலுக்காக 2010-ல் நல்லகண்ணு ஐயா உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் தானே வாதாடி, மணல் அள்ளத் தடை வாங்கியது தாங்கள் அறியாததல்ல. மணலைப் பாதுகாத்து என்ன, அதன் மேல் சாக்கடையை விடுகிறோம். 2024 நவம்பரில் நீதிபதிகளே ஆற்றங்கரைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் உட்காரும் இடத்துக்குப் பத்தடி மேலே ஒரு ஓடை ஆற்றில் சேர்கிறது; அதன் வாயில் அமலைச் செடி (ஆகாயத்தாமரை) செழித்துக் கிடக்கிறது. கட்டுரையாளர் எழுதிய ‘தெளிந்த நீர்’ இதுதான் போலிருக்கிறது. பாபநாசம் படித்துறையில் மீனுக்குப் பொரி போட்டுக் கும்பிடுகிறோம், கும்பிட்ட கையோடு உடுத்திய வேட்டியை அதே தண்ணீரில் விட்டுவிட்டு வருகிறோம். இந்த ஊர் பாவம் செய்த ஊர் ஐயா, வேறென்ன சொல்ல.

சாக்கடை பற்றிப் போன வருடம் இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். அதில் நீங்கள் வெளியிட்டது முதல் வரியை மட்டும்: ‘அட்டைப்படம் அருமை.’ அதனால்தான் இந்தக் கடிதத்தில் எதையும் பாராட்டி ஆரம்பிக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டுரை வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிந்துபூந்துறைப் பக்கம் பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர், புதுக் கம்பு, சுருள் எல்லாம் வைத்துக்கொண்டு நின்றார்கள். வரட்டும், ஆறு யாருக்கும் பட்டா போட்டதில்லை. பாறையில் மாட்டின தூண்டில் நரம்பைக் கொக்கியோடு அறுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். திங்கட்கிழமை காலை குளிக்க வந்த ஒரு ஆச்சியின் குதிகாலில் அந்தக் கொக்கி ஏறிவிட்டது. மூன்று வயது குறைவான என்னைப் பார்த்து, “எய்யா, பையப் பாத்து எடு” என்று கேட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தார்கள். கொக்கியைப் பின்னால் இழுத்தால் முனையில் இருக்கிற எதிர்முள் சதையைக் கிழித்துவிடும். முன்னால் தள்ளி, முனை தோலுக்கு வெளியே வந்ததும் குறட்டால் முள்ளை நறுக்கிவிட்டுத்தான் திருப்பி எடுக்க வேண்டும். ஆச்சி ஒரு சத்தம் போடவில்லை. ஈரச் சேலை முந்தானையைக் கடித்துக்கொண்டு ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்து முடித்ததும், “மீன் எதுவும் கிடைச்சுதா?” என்று என்னிடம் கேட்டார்கள். ஆட்டோவில் ஏற்றி ஊசி போட அனுப்பிவைத்தேன். கொக்கி என் பெட்டியில்தான் இருக்கிறது. வேண்டுமென்றால் கட்டுரையாளருக்குத் தபாலில் அனுப்புகிறேன்.

நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த இதழில் எங்காவது ஒரு மூலையில் இதைப் போடுங்கள்: ‘தூண்டில் போடப் போகிறவர்கள் அறுந்த நரம்பையும் கொக்கியையும் படித்துறையில் விட்டுவிட்டு வராதீர்கள். அங்கே வெறுங்காலோடு குளிக்கிறார்கள்.’

இடம் போதாது என்றால் மேலே நான் எழுதியது அத்தனையையும் வெட்டிவிட்டு அந்த இரண்டு வரியை மட்டும் போட்டால் போதும்.

இப்படிக்கு,
சிந்துபூந்துறை வாசகர், திருநெல்வேலி
(பெயர் வேண்டாம். கடிதம் எழுதுகிறேன் என்று தெரிந்தால் மகன் சத்தம் போடுவான்.)