கேய்ச்சியின் முழு வாழ்க்கையையும் பார்

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அமெரிக்க வீரர் ஜஸ்டின் கேய்ச்சியைப் போலப் பின்வாங்காமல் பாய்ந்து ஆடியே, குத்தும் உதையும் மல்யுத்தமும் கலந்த எம்.எம்.ஏ. சண்டைப் போட்டியில் பெயர் எடுக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். அவரைப் பின்பற்ற வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பின்பற்றினால் முழுதாகப் பின்பற்று என்றுதான் சொல்வேன்.

கல்லூரி நாட்களில் தேர்ந்த மல்யுத்த வீரராக இருந்தும், எதிராளியைத் தரையில் சாய்க்க முயலாமல் நேருக்கு நேர் நின்று குத்தியும் காலைக் குறிவைத்து உதைத்தும் தொடர்ந்து 18 போட்டிகளில் வென்ற கேய்ச்சிதான் உன் மனத்தில் இருக்கிறார். ஆனால் 2017 டிசம்பரில் எடி அல்வாரெஸும், 2018 ஏப்ரலில் டஸ்டின் போய்ரியரும் அதே ஆட்டத்தை வைத்தே அவரை வீழ்த்தினார்கள். அதற்குப் பிறகுதான், பயிற்சியாளர் ட்ரெவர் விட்மனின் துணையோடு, வேகத்தை விடாமல் நிதானத்தையும் சேர்த்துக்கொண்டார்.

2020 மே மாதம், பெருந்தொற்றால் பார்வையாளர் இல்லாத ஜாக்சன்வில் அரங்கில், தொடர்ந்து 12 போட்டிகளில் வென்றிருந்த டோனி ஃபெர்குசனுடன் அவர் மோதியதை மறுபடியும் பார். இரண்டாம் சுற்று முடியும் தறுவாயில் கீழிருந்து மேலாக வந்த ஓர் அப்பர்கட் குத்து கேய்ச்சியைக் கீழே சாய்த்தது. பழைய கேய்ச்சியாக இருந்திருந்தால் அடுத்த சுற்றில் ஆவேசமாகப் பாய்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன். அவரோ இடைவெளியைக் காத்து, ஃபெர்குசன் உள்ளே வரும்போதெல்லாம் எதிர்க்குத்து விட்டு, காலில் உதைத்துக்கொண்டே இருந்தார். ஐந்தாம் சுற்றில் முன்னிருக்கும் கையால் நேராக விடும் ஜேப் குத்து ஒன்று பட்டு ஃபெர்குசன் தடுமாறிப் பின்னால் போனதும் நடுவர் குறுக்கே வந்து போட்டியை நிறுத்தினார். அவருடைய ஆட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

நீ கொண்டாடி எழுதியிருக்கும் 2024 ஏப்ரல் போட்டியின் முடிவை என்னால் ஒருமுறைக்கு மேல் பார்க்க முடியவில்லை. கடைசிப் பத்து விநாடியில் மேக்ஸ் ஹாலோவே களத்தின் நடுவைக் காட்டி அழைக்க, கேய்ச்சியும் இறங்கி அடித்து, மணி ஒலிக்க ஒரு விநாடியே இருக்கையில் முகம் குப்புற விழுந்தார். அந்தத் துணிவை நானும் மதிக்கிறேன். ஆனால் அடுத்த போட்டிக்கு அவர் வந்தது 2025 மார்ச்சில். இடையில் கழிந்த அந்த மாதங்களைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

அதனால்தான் கேட்கிறேன். சென்ற மாதம் தலையில் அடிபட்டு, இரண்டு நாள் தலைவலி இருந்ததாக எழுதியவன், அடுத்த வாரமே ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், இறங்கியது எப்படி? நினைவு தப்பாவிட்டாலும் மூளை அதிர்ந்திருக்கலாம். அது ஆறுவதற்குள் விழும் அடுத்த அடி முதல் அடியைவிடக் கொடியதாக இருக்கலாம். தலைவலியை உன் பயிற்சியாளரிடம் மறைத்திருந்தால் இன்றே சொல்லிவிடு. மருத்துவர் அனுமதிக்கும்வரை ஸ்பாரிங் வேண்டாம். அவர் என்ன சொன்னார் என்பதை, எனக்குப் பிடிக்காததாக இருந்தாலும், அப்படியே எழுது.

அன்புடன்,
அம்மா