தூத்துக்குடிக்கு அப்பாலும் அது நம் சரக்குதான்: ஏற்றுமதியாளர் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகிகளுக்கு வணக்கம்.

சமீபத்திய சங்கக் கூட்டத்தில் நான் வைத்த கோரிக்கை உங்களுக்கு நினைவிருக்கும். நம் சரக்கை ஏற்றிப் போகும் கப்பல்கள் கடலுக்குள் எழுப்பும் சத்தத்தைக் குறைக்க என்ன செய்கிறீர்கள் என்று, கப்பல் நிறுவனங்களுக்குச் சங்கத்தின் பெயரில் எழுதிக் கேளுங்கள் என்றேன். "நமக்கேதுங்க கடல்?" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். முன்பு அனுப்பிய கடிதங்களுக்கும் பதில் வராததால், இதை ஊரறிய எழுதுகிறேன்.

நம் திருப்பூருக்குக் கடல் இல்லை, சரி. ஆனால் திருப்பூர் பனியனும் கரூர் படுக்கை விரிப்பும் தூத்துக்குடியில் கப்பலேறி, பெரும்பாலும் கொழும்பில் மதர் வெசல் எனும் பெரிய கப்பலுக்கு மாறித்தான் ஐரோப்பாவுக்குப் போகின்றன. கிழக்கிலிருந்து கொழும்புக்கு வரும் பெரிய கப்பல்கள் இலங்கையின் தென்முனையைச் சுற்றித்தான் வர வேண்டும். உலகிலேயே நெரிசல் மிகுந்த கப்பல் தடங்களில் அதுவும் ஒன்று. நீலத் திமிங்கலங்கள் இரை தேடுகிற இடமும் அதுதான். மற்றக் கடல்களின் நீலத் திமிங்கலங்கள் இரைக்காகக் குளிர்க்கடலுக்குப் போய் வரும். இவை அப்படிப் போவதில்லை. ஆண்டு முழுக்க வட இந்தியப் பெருங்கடலிலேயே வாழ்பவை. அங்கே சத்தம் தாங்கவில்லை என்றால் போக்கிடம் கிடையாது.

கடலுக்குள் வெளிச்சம் கொஞ்ச தூரத்திலேயே அடங்கிவிடும். ஒலி அப்படியில்லை. காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் ஒலி, கடல்நீரில் சுமார் 1,500 மீட்டர் போகிறது. நாம் கண்ணால் செய்வதில் பாதியைத் திமிங்கலம் காதால் செய்கிறது. அதன் குரல் மிகத் தாழ்ந்த சுருதி. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டியும் இன்னொரு திமிங்கலத்துக்குக் கேட்கக்கூடியது. கப்பலைத் தள்ளும் விசிறியான புரொப்பல்லர் வேகமாகச் சுழலும்போது தண்ணீரில் குமிழிகள் கிளம்பி உடைகின்றன. அந்த இரைச்சலில் பெரும்பகுதி, திமிங்கலம் பேசுகிற அதே தாழ்ந்த சுருதியில்தான் விழுகிறது. ஒரு கப்பல் போய் மறைவதற்குள் அடுத்தது வந்துவிடும். இரவு, பகல், ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி என்று எதற்கும் அங்கே ஓய்வில்லை. கூப்பிட்ட குரல் துணைக்குப் போய்ச் சேராத ஒரு வாழ்க்கையை யோசித்துப் பாருங்கள். இமையை மூடுவதுபோல மூடிக்கொள்ளக் காதுக்கு ஒன்றுமில்லை.

இது என் கற்பனையில்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் சில நாள் கப்பல் போக்குவரத்து குறைந்தது. தண்ணீருக்குள் இரைச்சல் 6 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) இறங்கியது. அங்கிருந்த ரைட் திமிங்கலம் என்ற இனத்தின் சாணத்தை ஆராய்ந்ததில், ஸ்ட்ரெஸ் எனும் உடல் அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோனும் அப்போது குறைந்திருந்தது. 2012-இல் வெளியான ஆய்வு இது. அதாவது மற்ற நாளெல்லாம் அவை அந்த அழுத்தத்தோடுதான் வாழ்ந்தன.

நொய்யல் ஆற்றின் கதையை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் நம் சாயத்தண்ணீர் தேங்கியது. கீழே இருந்தவர்களின் கிணறும் விவசாயக் காடும் கெட்டன. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் நமக்கு உறைத்தது. கப்பல் சத்தமும் நம் தொழிலிலிருந்து வெளியேறும் கழிவுதான். இந்த முறையும் யாராவது வழக்குப் போடட்டும் என்று காத்திருக்கப் போகிறோமா?

நம் துணியை வாங்கும் வெளிநாட்டு பையர்களையும் சொல்ல வேண்டும். பருத்தி எங்கே விளைந்தது, சாயத்தண்ணீர் எங்கே போகிறது, மின்சாரம் காற்றாலையா என்று அத்தனைக்கும் சான்றிதழ் கேட்கிறார்கள். செலவு நம் தலையில். பீஸுக்குக் கொடுக்கும் விலையில் மட்டும் ஒரு சென்ட் ஏற்ற மாட்டார்கள். சரக்குப் பெட்டி நம் கம்பெனி கேட்டைத் தாண்டிவிட்டால் அது எந்தக் கப்பலில், எந்த வேகத்தில், எதன் தலைமேல் போகிறது என்று எந்த ஆடிட்டும் கேட்பதில்லை. பாதி வழியில் நின்றுபோகும் பசுமைக்குப் பச்சை இலைச் சின்னம் எதற்கு? சரி, அவர்களோடு பிறகு பேசலாம். இப்போது உங்களிடம் கேட்பது ஒரு கடிதம்.

கப்பல் வேகத்தைக் குறைத்தால் சத்தம் குறையும், ஆனால் ஷிப்மென்ட் தாமதமாகும் என்பீர்கள். பையர் சொன்ன தேதி தவறினால் நம் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்த ஆர்டரின் லாபம் அத்தோடு போய்விடும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் திமிங்கலங்கள் வாழும் பகுதியில் மட்டும் மெதுவாகப் போவதற்குக் கூடுதலாக ஆவது சில மணி நேரம்தான். செங்கடல் தாக்குதல்களால் 2023 இறுதியிலிருந்து கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனபோது ஒரு வாரத்துக்கும் மேல் கூடியதே, அதையே சமாளித்தோம்.

முடியாததையும் நான் கேட்கவில்லை. நீருக்கடியில் கப்பல் சத்தத்தைக் குறைக்கும் வழிகாட்டுதல்களைச் சர்வதேச கடல்சார் அமைப்பு 2014-இல் வெளியிட்டது, 2023-இல் திருத்தியது. கட்டாயம் இல்லாததால்தான் சரக்கு அனுப்புகிறவர்கள் கேட்க வேண்டியிருக்கிறது. சத்தம் குறைந்த கப்பல்களுக்குக் கனடாவின் வான்கூவர் துறைமுகம் 2017 முதல் கட்டணச் சலுகை தருகிறது. எம்எஸ்சி என்ற கப்பல் நிறுவனம் 2022-இல், திமிங்கலங்கள் மீது மோதுவதைத் தவிர்க்க, இலங்கைக்குத் தெற்கே தன் கப்பல்களின் தடத்தைத் தானாக முன்வந்து இன்னும் தெற்கே தள்ளிக்கொண்டது. ஒரு நிறுவனத்தால் முடிந்ததை மற்றவர்களிடம் நாம் ஏன் கேட்கக் கூடாது?

ஆகவே தயவுசெய்து அந்தக் கடிதத்தை எழுதுங்கள். 2023 வழிகாட்டுதல்படி சத்தக் குறைப்புத் திட்டம் உங்கள் கப்பல்களுக்கு இருக்கிறதா, இலங்கையின் தென்முனையில் எந்தத் தடத்தில், எந்த வேகத்தில் போகிறீர்கள் என்று கேளுங்கள். வான்கூவர் தருவது போன்ற சலுகையைத் தூத்துக்குடியிலும் கேட்டு, துறைமுக நிர்வாகத்துக்கு ஒரு நகல் அனுப்புங்கள். வரைவு வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன். அடுத்த செயற்குழுவில் இதை வைத்து, முடிவு எதுவானாலும் எழுத்தில் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர், சிறு ஏற்றுமதியாளர்,
திருப்பூர்