புலி நகம் விற்பனைக்கு முழுத் தடை கோரும் மனு

பெறுநர்
மாண்புமிகு தேசிய வளர்ச்சி அமைச்சர்,
தேசிய வளர்ச்சி அமைச்சு, சிங்கப்பூர்.

பொருள்: புலி, சிறுத்தை ஆகியவற்றின் நகம், பல், தோல், எலும்பு விற்பனையை உள்நாட்டிலும் முழுமையாகத் தடை செய்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற மாதம் என் பேரனுக்குக் காப்பு வாங்க ஒரு நகைக்கடைக்குப் போனேன். “புலி நகம் இருக்குங்கம்மா, போட்டா பிள்ளை ராத்திரியில பயப்படாது” என்று கடைக்காரர் ஒரு பெட்டியைத் திறந்தார். தங்கத்தில் கட்டிய இரண்டு நகங்கள். இதை விற்கலாமா என்று கேட்டேன். “இது பழசும்மா, தாத்தா காலத்து நகம்” என்றார். அதற்கு ஒரு தாள்கூட அவரிடம் இல்லை.

குழந்தைக்குப் புலி நகம் போடுவது எங்களுக்குப் புதிதல்ல. சங்கப் பாடல்களிலேயே புலிப்பல் தாலி வருகிறது. சிறுவயதில் என் கழுத்திலும் புலி நகம் தொங்கியது. அதனால்தான் இந்த மனுவைத் தமிழர்களான நாங்களே கொண்டுவர வேண்டும் என்று நினைத்தேன்.

ஒரு புலிக்கு இருப்பது 18 நகங்கள். ஒன்பது பிள்ளைகளுக்கு இரட்டை நகம் கட்டினால் ஒரு புலி முடிந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியக் காடுகளில் 150-க்கும் குறைவான புலிகளே மிஞ்சியிருப்பதாக அந்நாடு 2022-இல் அறிவித்தது. நம் தீவிலும் புலிகள் இருந்தன. மிளகுத் தோட்டங்களிலும், தோல் பதனிட உதவும் கம்பீர்ச் செடித் தோட்டங்களிலும் வேலை செய்தவர்களை அவை அடித்ததால், அன்றைய அரசு சன்மானம் கொடுத்துக் கொல்லச் சொன்னது. 1930-களோடு இங்கே காட்டுப்புலியின் கதை முடிந்துவிட்டது.

அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தை 2022-இல் திருத்தித் தண்டனையைக் கூட்டியதற்கு நன்றி. ஆனால் ஒரு பொருள் முறையாக நாட்டுக்குள் வந்ததா என்பதையே அந்தச் சட்டம் முக்கியமாகப் பார்க்கிறது. அதனால் “பழசு” என்ற ஒரு சொல்லே விற்பவருக்குக் கேடயமாகிவிடுகிறது. எந்த வருஷம் செத்த புலி என்று நகத்தைப் பார்த்து என்னால் எப்படிச் சொல்ல முடியும்?

யானைத் தந்தத்துக்கு வழி காட்டியது இதே அரசுதான். 2019-இல் அறிவித்து, கடைக்காரர்களுக்கு அவகாசம் கொடுத்து, 2021 செப்டம்பர் 1 முதல் உள்நாட்டு விற்பனையையே நிறுத்தினீர்கள். புலிக்கும் சிறுத்தைக்கும் அதையே கேட்கிறோம். மாட்டுக் கொம்பில் செதுக்கியதைப் புலி நகம் என்று சொல்லி விற்பதையும் தடையில் சேர்க்க வேண்டும். போலி விற்கும் வரை அசலுக்கும் ஆசை இருக்கும்.

அப்புறம், பாட்டி கொடுத்ததைப் பெட்டியில் வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்களைக் குற்றவாளிகளாக்க வேண்டாம். வைத்துக்கொள்ளலாம், விற்கக் கூடாது, விரும்பினால் இந்தச் சட்டத்தைக் கவனிக்கும் தேசியப் பூங்காக் கழகத்திடம் பயமின்றி ஒப்படைக்கலாம் என்று தெளிவாக அறிவியுங்கள். அந்த அறிவிப்பு லிட்டில் இந்தியாவின் தேக்கா கடைகளில் தமிழிலும் ஒட்டப்பட வேண்டும்.

என் பேரனுக்கு வெள்ளிக் காப்பு மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அந்தப் பெட்டி இன்னும் அந்தக் கடையில்தான் இருக்கிறது. தயவுசெய்து விரைந்து நடவடிக்கை எடுங்கள்.

இப்படிக்கு,
லிட்டில் இந்தியா வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் சார்பில்,
ஒரு பாட்டி