செயலாளர் ஆண்டறிக்கை: கீழ்த்தளத்தில் கழிந்த ஒரு வருடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு செயற்குழு 11 முறை கூடியது. ஒரு முறை போதிய ஆள் சேராமல் கலைந்தது. தண்ணீர்த் தொட்டிகள் இரண்டு தடவை கழுவப்பட்டன. லிஃப்ட் பராமரிப்பு பழைய நிறுவனத்திடமே தொடர்கிறது. மொட்டைமாடிக் கசிவு பாதி சரியாகிவிட்டது, மீதிப் பாதியைப் பற்றி இப்போதைக்கு நான் வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இதையெல்லாம் ஒரே பத்தியில் முடித்துவிட்டதற்குக் காரணம் உண்டு. இந்த வருடம் எங்கள் நேரத்தை விழுங்கியது கீழ்த்தள வண்டி நிறுத்துமிடம். மூன்று மோதல்கள், யார் செய்தது என்றே தெரியாத கீறல் ஒன்று. யாருக்கும் காயமில்லை. ஆனால் இன்சூரன்ஸ் பேச்சு மட்டும் மாதக்கணக்கில் நீண்டது.

முதல் மோதலில் இடித்தவர் உங்கள் செயலாளர்தான். அதை நானே சொல்லிவிடுகிறேன்.

ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். சென்சார் கத்தியது. பக்கத்தில் தூண் இருப்பதால் அது எப்போதுமே கத்தும், அதனால் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டொக் என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால், பின்னால் நின்றிருந்த வண்டியின் முன் பம்பர் மூலையில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கீறல். என் பின் விளக்கின் ஓரம் நகக்கண் அளவுக்குச் சில்லு தெறித்திருந்தது. மூன்றாம் மாடிக்குப் போய் மணியடித்தேன். “அம்மா, தப்பு என் மேலதான். எவ்வளவு ஆனாலும் நான் கொடுத்துடறேன்” என்றேன். “பரவாயில்லைங்க, சின்னக் கீறல்தானே” என்றார் அவர். இரண்டு பேரும் நல்ல மனதோடுதான் பேசினோம். இன்சூரன்ஸ் கண்ணால் பார்த்தால் இரண்டு பேர் பேசியதும் தவறு.

அவர் சொன்னது ஏன் தவறு என்பது நான்கு நாள் கழித்துத் தெரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் பம்பரைக் கழற்றியபோது உள்ளே இரண்டு கிளிப் உடைந்திருந்தது, சென்சாரைத் தாங்கும் பட்டையும் வளைந்திருந்தது. இன்றைய பம்பர் வெறும் பிளாஸ்டிக் தகடு இல்லை. அதற்குப் பின்னால் சென்சார், சில வண்டிகளில் ரேடார், கேமரா எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. ரேடார் கொஞ்சம் கோணினாலும் மறுபடி அளவு பார்த்துச் சரிசெய்ய வேண்டும். வெளியே தெரிகிற கீறலை வைத்துச் செலவைக் கணிக்கவே முடியாது. பம்பர் பிளாஸ்டிக் வளைந்துவிட்டுப் பழைய உருவத்துக்கே திரும்பிவிடும், உள்ளே இருப்பது திரும்பாது.

நான் சொன்னது ஏன் தவறு என்பது இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு போன் போட்டபோது தெரிந்தது. “எப்போது நடந்தது?” என்றார்கள். நான்கு நாள் ஆயிற்று என்றேன். “அவரிடம் ஏதாவது எழுதிக் கொடுத்தீர்களா?” வாட்ஸ்அப்பில் முழுப் பொறுப்பும் என்னுடையது என்று அனுப்பியிருந்தேன். அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. அப்புறம்தான் பாலிசியை முதல்முறையாக முழுவதும் படித்தேன். நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது என்று நிபந்தனைகளில் இருந்தது. மோட்டார் பாலிசிகளில் வழக்கமாக இருக்கும் வரிதான் இது. நாளைக்கு எதிராளிக்குப் பணம் கொடுக்கப்போவது நிறுவனம். அதன் சார்பில் நாம் முந்திக்கொண்டு பேசிவிட்டால் அது பேரம் பேசக்கூட வழியில்லாமல் போகும். வருத்தம் தெரிவிப்பது வேறு, பொறுப்பை எழுதிக்கொடுப்பது வேறு. பெயர், வண்டி எண், பாலிசி விவரம், தொலைபேசி எண் ஆகியவற்றைப் பரிமாறிக்கொண்டு, இரண்டு வண்டியும் நகரும் முன் நாலா பக்கமும் படமெடுத்துவிட்டு, “எங்கள் கம்பெனியில் சொல்லிவிட்டு வருகிறேன்” என்று நிறுத்தியிருக்க வேண்டும்.

அதிர்ஷ்டவசமாக அவர்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். நிறுவனத்துக்குத் தகவல் சொல்வது ஒன்று, கிளைம் போடுவது இன்னொன்று. தகவலை உடனே சொல்லிவிட வேண்டும், கிளைம் போடுவதா வேண்டாமா என்று அப்புறம் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். சொல்லாமல் இருந்து, பத்து நாள் கழித்து எதிராளி மனம் மாறி வந்தால், தாமதத்தைக் காட்டியே கதவைச் சாத்த முடியும். வெறும் தகவலையே அடுத்த வருடப் பிரீமியத்துக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. சொல்லும்போதே அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் கணக்கு இப்படிப் போனது. என் வண்டிக்கு வந்த மதிப்பீடு, நான் எப்படியும் கையிலிருந்து போட வேண்டிய முதல் தொகையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கிளைம் போட்டால் அந்தக் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் கிளைம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் சேர்ந்திருந்த தள்ளுபடி, அதாவது நோ கிளைம் போனஸ், போய்விடும். அது ஒரே வருட இழப்பு இல்லை, பழைய தள்ளுபடியை எட்டும்வரை வருடா வருடம் கூடுதலாகக் கட்ட வேண்டும். அந்த வருடங்களையும் சேர்த்துக் கூட்டினால் கையிலிருந்து கொடுப்பதே லாபம். அம்மாவின் செலவையும், நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டு நானே கொடுத்தேன். கொடுக்கும்போது இன்ன தேதியில், இன்ன வண்டிக்கு, இன்ன சேதத்துக்கு முழுத் தீர்வாக இந்தத் தொகை என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அந்தக் காகிதத்தை வற்புறுத்திக் கேட்டவர் அம்மாதான், நானில்லை. அவர் தன் பாலிசியிலேயே கிளைம் போட்டிருக்கலாமே என்று ஒரு உறுப்பினர் கேட்டார். போட்டிருக்கலாம்தான். நிறுத்தி வைத்த வண்டியை இன்னொருவர் இடித்ததற்கு அவருடைய போனஸ் ஆபத்துக்கு ஆளாகியிருக்கும்.

நின்ற வண்டியை ஓடும் வண்டி இடித்தால் பழி யார்மேல் என்பதில் பெரிய சந்தேகமில்லை. எதிரெதிர் இடங்களிலிருந்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ரிவர்ஸ் எடுத்தால்தான் தகராறு. சாட்சியோ கேமராவோ இல்லாவிட்டால் பெரும்பாலும் பாதிக்குப் பாதி என்றுதான் முடியும்.

இனி, இந்த வருடம் எல்லோரும் என்னிடம் கேட்ட கேள்வி: “இது நம் வளாகம், ரோடு இல்லையே, இன்சூரன்ஸ் செல்லுமா?” நம் சொந்த வண்டியின் சேதத்துக்கு எடுக்கும் பாதுகாப்பு பொதுவாக ரோடா, கீழ்த்தளமா என்று பார்ப்பதில்லை. நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் பாதிப்புக்காகச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் மூன்றாம் தரப்புப் பாதுகாப்பில்தான் ‘பொது இடம்’ என்ற சொல் வந்து குறுக்கே நிற்கிறது. இந்தியாவின் 1988 மோட்டார் வாகனச் சட்டம், பொதுமக்களுக்கு நுழையும் உரிமை உள்ள இடத்தைத்தான் பொது இடம் என்கிறது. வழக்கறிஞரான நம் உறுப்பினர் ஒருவர் ஒரு கூட்டத்தில் இதை விளக்கப்போய் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். யாரும் எழுந்து போகவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். பிரிட்டனில் அடுக்குமாடி வண்டி நிறுத்துமிடத்தில் நின்றிருந்த காருக்குள் லைட்டர் எரிவாயு கசிந்திருக்கிறது, ஒருவர் சிகரெட் பற்றவைக்க உள்ளே இருந்தவருக்குத் தீக்காயம். 1998இல் அந்நாட்டின் உச்சநிலை நீதிபதிகள், வண்டி நிறுத்துமிடம் ‘சாலை’ ஆகாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதன் பிறகு 2000இல் ‘அல்லது மற்றப் பொது இடம்’ என்ற சொற்களைச் சட்டத்தில் சேர்த்தார்கள். 2007இல் ஸ்லொவேனியாவில் ஒரு பண்ணைக்குள் டிராக்டர் ரிவர்ஸ் எடுத்தபோது, அதன் டிரெய்லர் ஏணியில் தட்டி, மேலே நின்றவர் விழுந்தார். 2014இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், வண்டி தன் இயல்பான வேலையைச் செய்யும்போது நடந்தால் தனியார் இடமானாலும் கட்டாயக் காப்பீடு பொருந்தும் என்றது. ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரிட்டன் 2022இல் தனிச் சட்டம் போட்டு அந்தத் தீர்ப்பின் பிடியிலிருந்து விலகிக்கொண்டது. இத்தனை நீதிபதிகள் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்தை நம் செயற்குழு தீர்த்துவைக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் பாலிசியில் ‘பொது இடம்’ என்ற சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

இரண்டாவது மோதலில் ஓட்டுநரே கிடையாது. ஒருவர் இடமில்லாமல் இன்னொரு வண்டிக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, தேவைப்பட்டால் தள்ளிக்கொள்ளட்டும் என்று நியூட்ரலில் விட்டு மேலே போய்விட்டார். காவலாளியும் இன்னொரு உறுப்பினரும் தள்ளினார்கள். நம் கீழ்த்தளம் சாக்கடைப் பக்கம் லேசாகச் சரிந்திருப்பது நடக்கும்போது தெரியாது, சக்கரத்துக்குத் தெரியும். வண்டி இவர்கள் கையை விட்டு உருண்டு போய்த் தூணில் நின்றது.

“நான் வண்டியிலேயே இல்லையே” என்றார் உரிமையாளர். “அது என் வண்டியே இல்லையே” என்றார் தள்ளியவர். இரண்டும் உண்மை. அதைவிடப் பெரிய சிக்கல் மறுநாள் வந்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது தானே தூணில் இடித்ததாகக் கிளைம் படிவத்தில் எழுதுகிறேன், சங்கம் அதற்கு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும் என்று உரிமையாளர் கேட்டார். செயற்குழு மறுத்தது. அதற்காக என்னோடு பேசாமல் இருந்தார், இப்போது பேசுகிறார். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தபோது நானும் கூட நின்றேன். அவர் குந்தி உட்கார்ந்து, போன் வெளிச்சத்தில் தூணைப் பார்த்தார். மஞ்சள் பெயின்ட்டை விரலால் தேய்த்து, அதே விரலை வண்டியின் நசுங்கலுக்குப் பக்கத்தில் வைத்து உயரம் பார்த்தார். நசுங்கல் முன்பக்கம் இருந்தது. ரிவர்ஸ் கதையை எழுதியிருந்தால் அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும். பொய் தகவல் கொடுத்தால் நியாயமாக வரவேண்டிய பணத்தையும் மறுக்க நிறுவனத்துக்கு இடமுண்டு. நடந்தது நடந்தபடி எழுதப்பட்டது, கிளைமும் வந்தது. தூணில் எனக்கும் பங்கு இருக்கிறது, நான் ஏன் பூச்சு வேலைக்குப் பணம் தர வேண்டும் என்று உரிமையாளர் கேட்டது மட்டும் குறிப்பேட்டில் இருக்கிறது. பணம் தந்துவிட்டார்.

இதையொட்டி இன்னொன்று. வண்டியை நகர்த்திக்கொள்ளச் சொல்லிச் சாவியைக் காவலாளியிடம் கொடுக்கும் பழக்கத்தை நிறுத்துகிறோம். செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ளவர்தான் ஓட்ட வேண்டும் என்ற பாலிசி நிபந்தனை, கேட்டுக்கு உள்ளே வந்ததும் தளர்ந்துவிடுவதில்லை. பிள்ளைகளுக்குக் கீழ்த்தளத்தில் ஓட்டப் பழக்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். பெயர் சொல்லவில்லை.

மூன்றாவதில் குற்றவாளி சங்கமே. வாசல் தடுப்புக்கம்பி ஒரு உறுப்பினரின் வண்டிக் கூரைமேல் இறங்கியது. ‘வண்டிகளுக்கு உரிமையாளரே பொறுப்பு’ என்று நாம் எழுதி மாட்டியிருக்கும் பலகை இங்கே உதவாது என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார். கம்பி நம்முடையது, அதைப் பராமரிக்காமல் விட்டதும் நாமே. கட்டடப் பாலிசியை எடுத்துப் பார்த்தால் தீ, இடி, வெள்ளம் எல்லாம் இருந்தது. நம்மால் அடுத்தவர் பொருளுக்கு வரும் சேதம் அதில் இல்லை. பராமரிப்பு நிதியிலிருந்து கொடுத்தோம். இந்த ரினியூவலில் அந்தப் பொறுப்புப் பாதுகாப்பைச் சேர்த்திருக்கிறோம், பிரீமியம் கூடியதற்குக் காரணம் அதுதான்.

ஆள் தெரியாத கீறலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உறுப்பினர் வெளியூர் போய் ஒன்பதாம் நாள் திரும்பினார். நம் கேமரா ஏழு நாள் பதிவைத்தான் வைத்திருக்கும், ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதிவிடும். எந்த நாள் நடந்தது என்றே அவரால் படிவத்தில் எழுத முடியவில்லை. இப்போது பெரிய டிஸ்க் போட்டு 30 நாள் ஆக்கியிருக்கிறோம். பதிவு தேவைப்படுகிறவர்கள் எழுத்தில் கேட்டால் அந்த நேரத்துப் பகுதியைத் தனியாக எடுத்து வைப்போம்.

காவலாளி மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. எந்த மோதலானாலும் நேரம், வண்டி எண்கள், பார்த்தவர் பெயர் ஆகியவற்றை அதில் எழுதிவிட வேண்டும். யார்மேல் தப்பு என்ற பத்தி அதில் கிடையாது, வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். சங்கம் நடந்ததைப் பதிவு செய்யும், பஞ்சாயத்து பண்ணாது. திருப்பத்தில் குவிகண்ணாடி பொருத்தியாயிற்று. தூண்களுக்கு ரப்பர் பட்டை அடித்தோம். அதன் நிறத்தைப் பற்றி வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதிவிட்டேன்.

நிலுவையில் இருப்பவை: விருந்தினர் வண்டிகளுக்குத் தனி இடம், சரிவைச் சமன் செய்வது. இரண்டுக்கும் மதிப்பீடு வாங்க வேண்டும். நிறுத்துமிட மாற்றம் கேட்டு மூன்று விண்ணப்பங்கள் வந்தன. இரண்டு பரிசீலனையில் உள்ளன. மூன்றாவது, மூன்றாம் மாடி அம்மாவுடையது. செயலாளரின் வண்டிக்குப் பின்னாலிருந்து வேறெங்காவது மாற்றித் தரும்படி கேட்டிருந்தார். குழு அதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. நான் வாக்களிக்கவில்லை.

வரவு செலவுக் கணக்கை வாசிக்கப் பொருளாளரை அழைக்கிறேன்.

நன்றி.
செயலாளர்