புது வண்டியின் பெயிண்ட்டைப் பற்றி செந்திலுக்கு

திருவான்மியூர்,
சென்னை.

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் கிடைத்தது. பிஎம்டபிள்யூ எம்340ஐ வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டாய், அதுவும் கருநீலத்தில் என்று படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல. சோழவரம் விமான ஓடுதளத்தில் வெயிலில் நின்று பந்தயம் பார்த்த காலத்திலிருந்தே நீ இப்படி ஒரு வண்டிக்காகக் காத்திருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். 2021-இல் இந்த மாடல் நம் செங்கல்பட்டுக்குப் பக்கத்து ஆலையிலேயே தயாராகத் தொடங்கியபோது உன்னைத்தான் முதலில் நினைத்துக்கொண்டேன்.

பெயிண்ட்டைக் காக்க செராமிக் கோட்டிங் என்னும் திரவப் பூச்சை அடிப்பதா, பிபிஎஃப் என்னும் பாதுகாப்பு ஃபிலிமை ஒட்டுவதா என்று கேட்டிருக்கிறாய். ஆலையில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பிரிவான பெயிண்ட் ஷாப்பிலேயே என் உத்தியோக காலம் கழிந்தது என்பதால், எதைக் காப்பாற்றப் போகிறோம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதற்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற கிளியர் கோட் என்று படிப்படியாக வரும் இந்த அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான். அதாவது ஒரு தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. வண்டியின் பளபளப்பு முழுவதும் அந்த மெல்லிய அடுக்கில் இருக்கிறது. பாலிஷ் போடுவது என்றால் அந்த அடுக்கைச் சிறிது சிறிதாகத் தேய்த்து எடுப்பது என்றுதான் பொருள். அது வட்டி வராத கைமுதல். எடுக்கலாம், திரும்பப் போட முடியாது. ஆகவே பெயிண்ட்டைக் காப்பது என்பது முக்கால்வாசி அதைத் தேய்க்காமல் இருப்பதுதான். மேலே எதைப் பூசினாலும் ஒட்டினாலும் அதற்கு அடுத்தபடிதான்.

புது வண்டியின் முதல் கீறல்கள் பெரும்பாலும் ஷோரூம் யார்டிலேயே விழுந்துவிடுகின்றன. வாரக்கணக்கில் தூசியில் நின்ற வண்டியை டெலிவரிக்கு முந்தின நாள் அவசரமாகக் கழுவி, இருபது வண்டியைத் துடைத்த அதே துணியால் துடைத்துப் பளபளவென்று நிறுத்துவார்கள். கருநீலத்தில் மறுநாள் வெயிலிலேயே சிலந்தி வலை போன்ற வட்டக் கீறல்கள் தெரியும். எனவே வண்டியைக் கழுவவும் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம், தூசியோடு கொடுங்கள் என்று இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிடு. கேட்பவர்கள் விநோதமாகப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். டெலிவரி எடுக்கும் முன் தடிமன் அளக்கும் கேஜை ஒவ்வொரு பேனலிலும் வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் 120 காட்டும்போது ஒரு கதவு மட்டும் 250 காட்டினால், அந்தக் கதவு வழியில் அடிபட்டு மறுபடி பெயிண்ட் அடிக்கப்பட்டிருக்கிறது என்று அறிந்துகொள். ஆலையில் வெறும் பாடியை ஏறத்தாழ 140 டிகிரி சூட்டில் வேகவைப்பார்கள். அதனால் அந்தப் பெயிண்ட் வெளியே வரும்போதே முழுதாக இறுகியிருக்கும், உடனே கோட்டிங் அடிக்கலாம். வெளியில் ரீபெயிண்ட் செய்யும்போது பிளாஸ்டிக் பாகங்கள் இருப்பதால் 60 டிகிரிக்கு மேல் போவதில்லை. அது இறுகச் சில வாரங்கள் ஆகும், அதுவரை அதன் மேல் எதையும் ஒட்டவோ பூசவோ கூடாது.

பூசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கோவை ஈச்சனாரி பிள்ளையாரிடம்தான் முதலில் கொண்டுபோவாய் என்பது எனக்குத் தெரியும்; போகத்தான் வேண்டும். சந்தனமும் குங்குமமும் பானெட்டில் வைக்காமல் முன் கண்ணாடியின் மூலையில் வைக்கச் சொல். மாலையைக் கம்பியில் கட்டாமல் நாரில் கட்டி வாங்கு. பானெட்டில் பொட்டு வைத்தே தீர வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் மறுக்காதே. ஆனால் காய்ந்த பிறகு உலர்ந்த துணியால் தேய்த்து எடுக்க யாரையும் விடாதே. தண்ணீர் ஊற்றி ஊற்றியே கரைத்து எடுக்க வேண்டும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். செராமிக் கோட்டிங் என்பது சிலிக்கா அடிப்படையிலான ஒரு திரவம். காய்ந்தபின் கிளியர் கோட்டின் மேல் ஓரிரு மைக்ரான் கனத்தில் நிற்கும். அழுக்கு ஒட்டாது, கழுவுவது எளிதாகும், நிறம் ஆழமாகத் தெரியும். ஆனால் கல் அடியை அது தடுக்காது. விளம்பரத்தில் வரும் 9எச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. அதை வைரத்தின் கடினத்தோடு ஒப்பிட்டுப் பேசுகிறவரிடம் வேலை கொடுக்காதே. பிபிஎஃப் அப்படியல்ல. 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள பாலியூரித்தேன் ஃபிலிம் அது. வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் சிறகுகளை மணலிலிருந்து காக்கப் பயன்பட்ட பொருளின் வழிவந்தது. கல் பட்டால் அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்ளும், மேலாகப் பட்ட சிறு கீறல்கள் வெயில் சூட்டில் தாமாகவே மறையும்.

நீ சேலம் சாலையில் வாரந்தோறும் எம்-சாண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஓட்டுகிறவன். ஆகவே பம்பர், பானெட், முன் ஃபெண்டர்கள், கண்ணாடி மூடிகள், ஹெட்லைட் ஆகியவற்றுக்கும், பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள பகுதிக்கும் பிபிஎஃப். மற்ற இடங்களுக்கு செராமிக் போதும் என்பது என் தீர்மானமான கருத்து. இந்த மாதிரி வண்டியின் அகலமான முன் டயர் கல்லைப் பொறுக்கி வண்டியின் பக்கவாட்டிலேயே எறியும் என்பதால்தான் அந்தப் பின்பகுதியைச் சேர்த்தேன். ஃபிலிமைக் கணினியில் அளவாக வெட்டி ஒட்டுகிற கடையாகப் பார். வண்டியின் மேலேயே வைத்துக் கத்தியால் நறுக்குகிறவர் கை சற்று அழுந்தினாலும் கிளியர் கோட் போய்விடும். ஒட்டும் முன் இரும்புத் துகள் நீக்கியைத் தெளித்து, ஊதா நிறத்தில் வழிவதைக் கழுவி, ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிக்கட்டியால் (கிளே பார்) மெல்லத் துடைத்துப் பெயிண்ட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். புது வண்டி என்பதால் பாலிஷ் கட்டாயமில்லை. விளக்கு வெளிச்சத்தில் கீறல் கண்ட இடத்தில் மட்டும் போட்டால் போதும். வழக்கம் என்பதற்காக வண்டி முழுவதும் பாலிஷ் மெஷினை ஓட்ட விடாதே.

இவ்வளவு செலவும், உன் குடியிருப்பில் காலையில் வண்டி துடைக்க வருபவர் ஒரு வாளித் தண்ணீரில் பழைய பனியனை நனைத்துப் பத்து வண்டியைத் துடைத்தால், ஒரு மாதத்தில் வீணாகிவிடும். முந்தின வண்டியின் மணல் அந்தத் துணியில் இருக்கிறது. அவருக்கு மாதச் சம்பளத்தைக் குறைக்காமல் கொடுத்துவிட்டு, இந்த வண்டியைத் தொட வேண்டாம் என்று மட்டும் சொல். வாரம் ஒரு முறை நீயே நிழலில் நிறுத்திக் கழுவு. முதலில் தண்ணீரைப் பீச்சி மணலை இறக்கிவிட்டு, ஷாம்பு ஒரு வாளியிலும் வெறும் தண்ணீர் இன்னொரு வாளியிலும் வைத்துக்கொண்டு, மைக்ரோஃபைபர் கையுறையை ஒவ்வொரு பேனலுக்குப் பின்னும் வெறும் தண்ணீரில் அலசி, கூரையிலிருந்து கீழ்நோக்கி வர வேண்டும். சக்கரங்களுக்குத் தனி வாளி, தனித் துணி. பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள் அங்கேதான் படிந்திருக்கும். துவட்டும்போது தேய்க்காதே, தடித்த துண்டை விரித்து ஒற்றி எடு.

தண்ணீர் விஷயத்தில் உன்னைப் பார்த்து எனக்குப் பொறாமை. இங்கே போர்வெல் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வளையமாக உப்பு நிற்கிறது. செராமிக் அடித்த வண்டியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்பதால் ஒவ்வொரு முத்தும் ஒரு வளையமாகிவிடுகிறது. உனக்குச் சிறுவாணி வருகிறது. கடைசி அலசலுக்காவது போர் தண்ணீர் வேண்டாம், சிறுவாணித் தண்ணீரையே பயன்படுத்து.

பறவை எச்சம் பட்டால் மாலைவரை காத்திருக்காதே. அதில் உள்ள அமிலம் வெயிலில் மிருதுவான கிளியர் கோட்டை அரித்துவிடும். ஈரத் துணியை அதன் மேல் சில நிமிடம் போட்டு ஊறவைத்து, பிறகு தூக்கி எடு. வாசலில் உள்ள புங்க மரத்தடியில் இனி நிறுத்தாதே.

செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓட்டப் போவதாக எழுதியிருந்தாய். 2.1 கிலோமீட்டர் சுற்றில் முன்னால் போகும் வண்டிகள் கக்கும் சூடான ரப்பர் துணுக்குகள் பம்பரிலும் கதவுகளின் அடியிலும் ஒட்டிக்கொள்ளும். நகத்தால் சுரண்டாதே; தார் நீக்கியைத் தடவிச் சற்று நேரம் விட்டால் தானாக இளகி வந்துவிடும். சக்கரம் நன்றாக ஆறும்வரை அதன் மேல் தண்ணீர் படக்கூடாது.

டெலிவரித் தேதி உறுதியானதும் எழுது. கேஜோடு முந்தின இரவு சேரன் எக்ஸ்பிரஸில் கிளம்பி வருகிறேன். இருவருமாகச் சேர்ந்தே ஒவ்வொரு பேனலையும் அளந்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
ராமநாதன்