நுண்ணுயிர் எதை உண்டு வளர்ந்தது என்பதையும் சான்றிதழ் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நுண்ணுயிரிகளைக் கொண்டு தயாரிக்கப்படும் நொதிகளையும் புரதங்களையும் இறக்குமதி செய்யக் கால்நடை நல அனுமதி கேட்பது வீண் தடை என்ற கருத்து தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியானது. பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் விலங்குகள் அல்ல என்பது உண்மைதான். ஆனால் அவை உண்டு வளரும் சத்துக் கலவையான ஊடகத்தில் விலங்கிலிருந்து எடுக்கப்பட்ட பொருள் இருக்கக்கூடும் என்பதை அக்கருத்து கணக்கில் கொள்ளவில்லை.

ஊடகங்களில் பரவலாகச் சேர்க்கப்படும் பெப்டோன் என்ற செரிக்கவைத்த புரதத் துணுக்குக் கலவை இறைச்சியிலிருந்தோ பால் புரதமான கேசீனிலிருந்தோ தயாராகலாம். அந்தக் கேசீனைச் செரிக்கவைக்கப் பன்றிக் கணையத்தின் நொதி பயன்படுவதும் வழக்கம்; ஆகவே 'பால் சார்ந்தது' என்று மட்டும் எழுதப்பட்ட ஊடகத்துக்குப் பின்னால் இன்னொரு விலங்கும் இருக்கலாம். இன்று தாவர ஊடகத்தில் வளர்க்கப்படும் நுண்ணுயிரின் மூல இருப்புகூட (அதாவது, ஒவ்வொரு முறையும் வளர்ப்பைத் தொடங்கச் சேமித்து வைக்கும் வித்து), உறைய வைத்து உலர்த்தப்பட்டபோது கொழுப்பு நீக்கிய பாலில் கலக்கப்பட்டிருக்கலாம். இறுதிப் பொருளை மட்டும் பார்ப்பவருக்கு இவற்றில் எதுவும் தெரியாது.

இந்த எச்சரிக்கைக்கு வரலாறு உண்டு. 1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்கு ஆன்ட்வெர்ப் துறைமுகம் வழியாகச் சென்ற மாடுகளால் பெல்ஜியத்தில் மாடுகளைக் கொல்லும் தொற்றான வெக்கை நோய் பரவியது. அந்த அதிர்ச்சியே 1924-இல் உலக விலங்கு நல அமைப்பு தோன்றக் காரணமாயிற்று. 1986-இல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட 'மேட் கவ்' என்ற மாட்டு மூளை நோயை உண்டாக்கும் திரிந்த புரதங்களான பிரியான்களோ, பாக்டீரியாவைக் கொல்லப் போதுமான வழக்கமான நீராவி வெப்பத்தையும் தாங்கி நிற்பவை. விலங்கு செல்களை வளர்த்து அவற்றில் உருவாக்கப்பட்ட ஒரு ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தில், பன்றிகளைத் தொற்றும் சர்கோவைரசின் மரபுப்பொருள் இருப்பது 2010-இல்தான் வெளிப்பட்டது. அதனால் மனிதருக்குத் தீங்கு நேர்ந்ததாகக் கண்டறியப்படவில்லை. என்றாலும், கவனமாகத் தயாரிக்கப்படும் மருந்துக்குள்ளும் விலங்கு மூலப்பொருளின் தடம் ஆண்டுக்கணக்கில் தெரியாமல் இருந்துவிடும் என்பதை அது காட்டியது.

இருந்தும், இறக்குமதியாளர்களின் மனக்குறை நியாயமற்றது என்று நான் சொல்லமாட்டேன். மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டு வந்த இன்சுலின் 1982 முதல் பாக்டீரியா வழியாகவும், கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து கிடைத்த பாலாடைக்கட்டி நொதி 1990 முதல் நுண்ணுயிர் வழியாகவும் சந்தைக்கு வந்ததால் விலங்கு நோய் அபாயம் குறைந்ததே தவிரக் கூடவில்லை. உயிருள்ள செல்கள் நீக்கப்பட்டு, பலமுறை வடிகட்டித் தூய்மையாக்கப்பட்ட புரதத்தையும், செல்களோடு வரும் கச்சாக் குழம்பையும் ஒரே வரிசையில் நிறுத்தி வைப்பது சரியல்ல. குளிரில் வைக்க வேண்டிய பொருள் துறைமுகத்தில் காத்திருந்தே கெட்டுப்போகிறது. உணவு, விலங்கு, தாவர நலம் குறித்து 1995-இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கையும், கட்டுப்பாடுகள் அபாய மதிப்பீட்டின் அடிப்படையில் அமைய வேண்டும் என்றே கோருகிறது.

ஆகவே விதியைத் தளர்த்தச் சொல்வதைவிட, அனுமதிக்காக உற்பத்தியாளர் தரும் சான்றிதழான உறுதிமொழிப் படிவத்தைத் திருத்தச் சொல்வதே பயன் தரும். 'விலங்குப் பொருள் இல்லை' என்ற ஒற்றை வரி போதாது. எந்த நுண்ணுயிர், மரபு மாற்றப்பட்டதென்றால் மரபணு எங்கிருந்து வந்தது, மூல இருப்பு முதல் இறுதி நொதிப்பு வரை எந்தெந்த ஊடகம், அதில் விலங்குப் பொருள் இருந்தால் எந்த விலங்கு, எந்த நாடு, எவ்வளவு வெப்பத்தில் எவ்வளவு நேரம் பதப்படுத்தப்பட்டது, இறுதிப் பொருளில் உயிருள்ள செல்கள் எஞ்சியுள்ளனவா என்பவற்றுக்கு அதில் நேரடியாகப் பதில் இருக்க வேண்டும். இப்பதில்கள் தெளிவாக உள்ள தூய பொருள்களுக்கு விரைவு அனுமதியும், ஊடகத்தின் ஒரு கூறு மாறினாலும் புதிய உறுதிமொழி தர வேண்டும் என்ற கட்டாயமும் சேர்ந்தே வர வேண்டுமென்று உரிய அதிகாரிகளைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்