கீரைக்குப் பலன் மட்டும் எழுதுனா போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன இதழ்ல காட்டுக்கீரை பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா மூட்டுவலிக்கு இது சுகருக்கு இதுன்னு பலனாவே போட்டுட்டுப் போய்ட்டீங்க, அந்தக் கீரை எந்த மாசம் மொளைக்கும், பாத்தா எப்படி அடையாளம் தெரியும்னு ஒரு வரி இல்ல.

நாங்க அருப்புக்கோட்டை பக்கம், கரிசக்காடு. எங்க அத்தைக்கு முழங்கால் போனதுல இருந்து காட்டுக்கு வர்றதில்ல, நான் பறிச்சிட்டு வர்றத திண்ணையில உக்காந்து பிரிப்பாங்க, ஆரம்பத்துல தப்பான செடின்னு பாதிக்குப் பாதி ஆட்டுக்குத்தான் போச்சு. அந்தக் கடுப்புலதான் எது என்ன கீரைன்னு 3 வருஷமா டைரி எழுதுறேன், உரக்கடையில ஓசியா குடுத்தது, அட்டையில களைக்கொல்லி விளம்பரம், என்னத்த சொல்ல.

ரொம்ப எழுதுனது சாரணையும் மூக்கிரட்டையும் பத்திதான், ரெண்டும் தரையில படர்ற கீரை. மூக்கிரட்டைய சாரணத்தின்னும் சொல்றாங்களா, அப்புறம் குழம்பாம என்ன செய்யும். சாரணைக்கு இலை கொஞ்சம் சதப்பிடிப்பா இருக்கும், பூ இலைக் கக்கத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கும், மூக்கிரட்டைக்கு மெல்லிசா நீண்ட காம்பு வந்து அதுல பொடிப்பொடியா பூக்கும், காய் சேலையில ஒட்டும். இத அத்தை ஒரே நாள்ல சொல்லல, ஒவ்வொரு தடவ திட்டும்போதும் ஒண்ணு சொன்னாங்க, நான் அப்பப்ப எழுதிக்கிட்டேன்.

அதலைக்காய்க்கு மட்டும் தனிப் பக்கம், பாகக்காய் மாதிரி கசக்குற குட்டிக் காய் அது. யாரும் விதைக்கிறதில்ல, கிழங்கு மண்ணுக்குள்ளயே கெடக்கும், மழை விழுந்ததும் கொடி கிளம்பும், அதனால தேதிய விட மழை பேஞ்சு எத்தன நாள்ங்கிறதத்தான் குறிக்கிறேன். பறிச்ச அன்னைக்கே ரெண்டு முனையையும் கிள்ளிட்டு வெங்காயம் போட்டு வதக்கிரணும், வச்சிருந்தா வெடிச்சிரும். பிரண்டைக்கு "கைல எண்ணெய்" அவ்ளோதான் எழுதிருக்கேன், அரிப்பு பட்டவங்களுக்குப் புரியும்.

இன்னொண்ணு, எந்தக் காட்டுல மருந்தடிச்சாங்கன்னும் எழுதுறேன். பருத்திக்கு நடுவுல தொய்யக்கீரை தளதளன்னு நிக்கும், கை போகும், ஆனா காட்டுக்காரங்கள கேக்காம பறிக்கிறதில்ல.

அடுத்த தடவ கீரை பத்திப் போட்டா பூவோட, காயோட படம் போடுங்க சார். கட்டு கட்டி சந்தையில வச்ச படத்த வச்சுக்கிட்டு காட்டுல என்னத்த தேடுறது?

இப்படிக்கு,
கரிசக்காட்டு வாசகி